சாத்தையா தம்பிரான்: ஒரு மங்க் பாத்திரம் கட்டி ஆடிய பதிவு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதையாக ஆடுகிற ஆட்டம். அதில் மங்க், அதாவது கவசமில்லாமல் கைகாலை நம்பிச் சண்டை போடும் துறவி, எடுக்கிற யாரிடமும் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிறவர், கேட்கிற முதல் கேள்வி இதுதான்: மடத்தில் உட்கார்ந்து தியானம் பண்ண வேண்டிய ஆள் எதற்காகப் பொட்டல்காட்டில் பூதங்களோடு மல்லுக்கட்டுகிறார்? குருவைக் கொன்றவனைத் தேடிப் போகிறேன் என்பது எல்லோரும் சொல்கிற பதில். அந்தக் கொலைகாரன் கிடைத்த அன்றைக்கே பாத்திரத்துக்கு வேலை போய்விடும். எனக்கு மாதக்கணக்கில் ஊர் ஊராக அலைய வைக்கிற காரணம் வேண்டும், அது மடத்துக்குள்ளிருந்தே வர வேண்டும்.

விடை கிடைத்தது குன்றக்குடிப் பக்கம். காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்குப் பேருந்தில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள், மலைமேல் முருகன், கீழே ஆதீனம். சைவ மடங்களில் துறவிகளுக்குத் தம்பிரான் என்று பெயர். கோயிலில் விளக்கு எரிய, பூசை நடக்க, அடியாருக்குச் சோறு போட என்று யாராவது நிலமோ பணமோ எழுதி வைத்தால் அது கட்டளை. அந்தக் கட்டளையைக் கவனிக்க மடம் அனுப்பி வைக்கிறவர் கட்டளைத் தம்பிரான். துறவிதான், ஆனால் வெளியூரில் இருப்பார், குத்தகை வந்ததா, நெல் அளந்தார்களா, விளக்குக்கு எண்ணெய் போனதா என்று கணக்குப் பார்ப்பார். மங்க் ஊர் சுற்ற இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியாது. உண்மையான எந்த மடத்தையும் சாமியையும் ஆட்டத்துக்குள் கொண்டுவரவில்லை, இந்தப் பொறுப்பை மட்டும் எடுத்துக் கற்பனை உலகத்தில் ஒரு மலை மடத்துக்குக் கொடுத்தேன். அந்த மடத்துக்கு ஏழு துறைமுகங்களில் கட்டளை உண்டு, ஏழிலும் வரவு நின்று போயிருக்கிறது, ஏன் என்று பார்த்து வர ஒரு தம்பிரானை அனுப்புகிறார்கள். மாஸ்டருக்கு இதில் ஏழு ஊர், ஏழு கதை கையில் கிடைத்தது.

தம்பிரான் ஆவதற்கு முன் அவர் யார் என்பதற்கு இன்னும் பக்கத்திலேயே பதில் இருந்தது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் வட்டிக்கடை வைத்த காலத்துக் கதைகளை எங்கள் பக்கத்தில் கேட்காமல் வளர முடியாது. முதலாளி ஊரில் இருப்பார், கடையை நடத்துவது மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், எல்லோருக்கும் கீழே பெட்டியடிப் பையன். சாத்தையா ஒரு துறைமுகக் கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவன். யார் எந்த முகத்தோடு கடன் கேட்க வருகிறார்கள், எந்த முகத்தோடு திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தவன், ஒருநாள் கடன் வசூலுக்குப் போன வீட்டில் கண்டது மனதை அறுத்து, அங்கிருந்து நேராக மலை ஏறிவிட்டான். அந்த வீட்டில் என்ன கண்டான் என்பதை நான் எழுதவில்லை, மாஸ்டரிடமே விட்டுவிட்டேன். அந்த ஒரு ஓட்டையை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதைத் தனியாகவே எழுதலாம்.

விதியைப் பொறுத்தவரை நாங்கள் ஆடுவது 2014 பதிப்பு. 2023 ஜனவரியில் அதன் அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளிவந்தன, அதனால் குழுவில் எல்லோர் கையிலும் விதி இருக்கிறது, ஆளுக்கொரு புத்தகம் வாங்க வேண்டியதில்லை. அந்த இலவச ஆவணத்தில் மங்க்குக்கு இருக்கிற ஒரே கிளை (சிறப்புப் பிரிவு) ஓப்பன் ஹேண்ட், நான் எடுத்ததும் அதுதான். 2024 பதிப்பில் மங்க்கை நன்றாகவே வலுப்படுத்தியிருக்கிறார்கள். வெறுங்கை அடியின் காயத்துக்கு உருட்டும் கைப்பகடை டி4க்குப் பதில் (நாலு முகப் பகடை) டி6இல் தொடங்குகிறது, கீ என்ற உள்சக்திப் புள்ளி செலவில்லாமலே, ஒரு முறையில் கிடைக்கிற கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனில் ஓடவோ நழுவவோ முடிகிறது, அம்பை மட்டுமல்லாமல் வாள் வெட்டையும் தட்டிவிடலாம். புதிதாகக் குழு சேர்க்கிறவர்கள் அதிலேயே தொடங்கட்டும். 1975இல் துணைநூலில் அறிமுகமாகி, 1989 பதிப்பின் முக்கிய நூலில் இடமில்லாமல் போய், 2000இல் திரும்பி வந்த பாத்திர வகை இது, ஒவ்வொரு பதிப்பிலும் இதை எங்கே உட்கார வைப்பது என்று யோசித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

சரி, எண்களுக்கு வருகிறேன். மங்க்குக்குக் கவசம் கிடையாது. ஏசி (எதிரியின் அடி படுவதற்கு அவன் எட்ட வேண்டிய எண்) என்பது பத்தோடு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), விஸ்டம் (கூர்மதி) இரண்டும் தருகிற கூட்டல் எண்ணைச் சேர்த்தால் வருவது, அதனால் இரண்டையும் உயரமாக வைத்தே தீர வேண்டும், உடம்புக்குக் கான்ஸ்டிடியூஷனும் வேண்டும், கையில் இருப்பதோ 27 புள்ளி. டெக்ஸ்டெரிட்டி 15, விஸ்டம் 15, இரண்டுக்கும் சேர்த்து 18 புள்ளி. கான்ஸ்டிடியூஷன் 14க்கு ஏழு. மிச்சம் இரண்டையும் இன்டெலிஜென்ஸில் போட்டு 10 ஆக்கினேன், கணக்குப் பிள்ளைக்கு 8 வைக்க மனம் வரவில்லை. பலமும் பேச்சும் 8லேயே நிற்கின்றன. இனம், வேரியன்ட் ஹியூமன். டெக்ஸ்டெரிட்டிக்கும் விஸ்டமுக்கும் ஒவ்வொன்று கூடி 16, 16, ஒவ்வொன்றும் தருவது கூட்டல் மூன்று. முதல் லெவலில் ஏசி 16, ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 10.

பலர் இந்த இடத்தில் உட் எல்ஃப் எடுப்பார்கள், அதுவும் நல்ல தேர்வுதான். நான் மனிதனிடம் போனது அந்த இனத்தோடு கிடைக்கிற ஒரு ஃபீட்டுக்காக (தனித்திறமை). மொபைல் என்று பெயர். இதுவும் வேரியன்ட் ஹியூமனும் இலவச ஆவணத்தில் இல்லை, 2014 விளையாட்டாளர் புத்தகத்தில் இருக்கின்றன, இரண்டுமே மாஸ்டர் அனுமதித்தால்தான் உண்டு. மொபைல் என்ன செய்யும் என்றால், நடைவேகத்தைப் பத்தடி கூட்டும், அதைவிட முக்கியமாக, ஒருவனை நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் அடிக்க முயன்றாலே போதும், அடி பட்டாலும் படாவிட்டாலும் அந்தத் திருப்பம் (உங்கள் முறை) முடிகிறவரை அவனைவிட்டு விலகும்போது அவன் உங்கள் முதுகில் அடிக்க முடியாது. மங்க்குக்கு முதல் லெவலிலிருந்தே ஒரு திருப்பத்தில் இரண்டு அடி உண்டு, கம்பால் ஒன்று, போனஸ் ஆக்‌ஷனில் வெறுங்கையால் ஒன்று. இரண்டு கோப்ளின் (குட்டிப் பூதம்) பக்கத்துப் பக்கத்தில் நின்றால் ஒருவனைக் கம்பால் அடித்து, இன்னொருவனை உதைத்துவிட்டு, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க நடந்து வெளியே வரலாம். இரண்டையும் ஒருவன்மேலேயே போட்டால் அவன் சாகலாம், ஆனால் மற்றவனிடமிருந்து விலகும்போது ஒரு வெட்டு வாங்குவீர்கள். பத்து ஹெச்பி உள்ள ஆளுக்கு எது லாபம் என்பது நிற்கிற இடத்தைப் பார்த்தால் தெரியும்.

மங்க் ஆடுவது முழுக்க இந்த நிற்கிற இடம்தான் என்று நான் நம்புகிறேன். எத்தனை பகடை உருட்டுகிறோம் என்பதில் போர்வீரனான ஃபைட்டரோடு போட்டி போட்டால் தோற்றுக்கொண்டே இருப்போம். சின்ன வயதில் சிலம்பம் கற்றவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கம்பைக் கையில் தருவதற்கு முன் வாத்தியார் காலடி பழக்குவார், சுவடு பிசகினால் கம்பு எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அடி விழும் என்பார். சாத்தையாவின் ஆயுதமும் கம்புதான், விதியில் அதன் பெயர் குவார்ட்டர்ஸ்டாஃப், விலை இரண்டு வெள்ளிக்காசு, ஒரு கையால் பிடித்தால் டி6, இரண்டு கையாலும் பிடித்தால் டி8. மங்க் இதை டெக்ஸ்டெரிட்டியால் வீசலாம். நான் அவருடைய ஒவ்வொரு தாக்குதலையும் சொல்லும்போது கம்பைச் சொல்வதற்கு முன் காலைச் சொல்வேன், எங்கே மிதித்தார், எந்தப் பக்கம் திரும்பினார் என்று. மேசையில் இருக்கிறவர்களும் அப்படியே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மேசை என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன், நாங்கள் ஆடுவது தரையில். மாஸ்டர் அக்காவின் பள்ளத்தூர் வீட்டில் வளவைச் சுற்றி ஓடும் தாழ்வாரம் முழுக்க ஆத்தங்குடிக் கல், எட்டு அங்குலச் சதுரம். கண்ணாடித் தட்டின்மேல் சாயக் கலவையை ஊற்றிக் கையால் செய்கிற கல் அது, வருடக்கணக்கில் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கிற மாதிரி ஆகியிருக்கும். விதிப்புத்தகம் சொல்வது ஒரு அங்குலக் கட்டத்துக்கு ஐந்தடி. நாங்கள் ஒரு கல்லுக்கு ஐந்தடி என்று வைத்துக்கொண்டோம். தூண்கள் தூண்களாகவே நின்றன, வளவின் முற்றம் கடலோ பள்ளமோ ஆனது, சுவர் வரைய வேண்டிய இடத்தில் கோலமாவு.

கட்டம் இவ்வளவு பெரிதானதால் கடையில் விற்கிற சின்னப் பொம்மைகள் தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் சாத்தையாவை நானே செய்தேன். பழைய ஜன்னல் சட்டம் மாற்றிய ஆசாரியிடம் மிஞ்சிய பர்மாத் தேக்குத் துண்டு ஒன்று வாங்கி, ஒரு சாண் உயரத்துக்கு அறுத்து, மரப்பாச்சி மாதிரி கழுத்தும் தோளும் மட்டும் தெரிகிற அளவுக்குச் செதுக்கினேன். முகம் வெட்டவில்லை. தேக்கு நார் நேராக ஓடுகிற பக்கத்தில் கத்தி வெண்ணெயாகப் போகும், முடிச்சு வந்த இடத்தில் அரம்தான். முதலில் கரடுமுரடான உப்புத்தாள், பிறகு நைசு, கடைசியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய். கை தனியாக வைக்காமல் வலது தோளுக்குக் கீழே சாய்வாக ஒரு துளை போட்டு அதில் விளக்குமாற்று ஈர்க்குச்சியைக் கம்பாகச் செருகினேன். ஒட்டவில்லை, ஏனென்றால் ஆட்டத்தில் கம்பு பறிபோனால் பொம்மையிலிருந்தும் எடுத்துவிடலாம். உடுப்புக்கு ஒரு முழக் காவித்துணி, இடுப்பில் கண்டாங்கிச் சேலையின் கரையிலிருந்து கிழித்த ஒரு நூலிழைப் பட்டை, பெட்டியடிக் காலத்து மிச்சம் என்று அதற்குக் கதை வைத்திருக்கிறேன். நிறுத்தினால் வழவழக் கல்லில் சறுக்குகிறது, அடியில் சைக்கிள் டியூப் வெட்டி ஃபெவிகாலில் ஒட்டிப் பார்த்தேன், ரப்பர் பிடிக்கவில்லை, பஞ்சர் ஒட்டுகிற பசைதான் பிடித்தது.

பகடையைக் கல்லில் உருட்டினால் வளவுக்குள் போய் விழுகிறது, சத்தமும் அதிகம். ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் துண்டை விரித்து அதில் உருட்டுகிறோம், பகடைகள் குடியிருப்பது ஓலைக் கொட்டானில். டி20, டி12 எல்லாம் இணையத்தில் வாங்கியவை.

கீ பாயின்ட்டுக்குச் சோழி. லெவலுக்கு ஒரு சோழி, என் முன்னால் தரையில் வாய் மேலே தெரிய வரிசையாக இருக்கும், செலவானதைக் கவிழ்த்து வைப்பேன். தாளில் எழுதி அழித்துக்கொண்டிருந்தால் அது எனக்கு மட்டும் தெரிகிற கணக்கு. சோழி எல்லோருக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும். எல்லாம் கவிழ்ந்து கிடக்கும்போது குழுவே கொஞ்சம் நிதானமாகக் கதவைத் திறக்கிறது.

முதல் லெவலில் கீயே கிடையாது, இரண்டாவதில் இரண்டுதான். அந்தக் காலம் முழுக்கச் சாத்தையா அடித்துவிட்டு விலகுகிறவர், அல்லது பத்து டார்ட்டையும் தூரத்திலிருந்து எறிகிறவர். இரண்டாவது லெவலில் நடைவேகம் இன்னும் பத்தடி கூடி ஐம்பது ஆனது. ஐம்பதடி என்றால் பத்துக் கல். பொம்மையைத் தூக்கி ஒரு தூணிலிருந்து அடுத்த தூணைத் தாண்டி வைத்தபோதுதான் மற்றவர்களுக்கு உறைத்தது, அவர்கள் எல்லோரும் ஆறு கல் நடக்கிறவர்கள். "மாப்ளே, நீ அங்க போயி என்ன பண்ணப்போற தனியா?" என்று ஃபைட்டர் கேட்டது நியாயமான கேள்வி. தனியாகப் போய்ச் சிக்கிக்கொள்ளாமல், போன வேகத்திலேயே திரும்பி வரத் தூரம் மிச்சம் வைத்துத்தான் போக வேண்டும். இருபத்தைந்து போய் இருபத்தைந்து வருவது என்று கணக்கு வைத்துக்கொண்டால் எந்தச் சண்டையிலும் எதிரியின் கைக்கெட்டாத இடத்தில் என் திருப்பம் முடியும்.

எலும்புக்கூடுகள் வந்த சண்டை மட்டும் விதிவிலக்கு. கம்பும் முஷ்டியும் மொத்தடி, எலும்புக்கூட்டுக்கு மொத்தடி இரட்டிப்பு, ஹெச்பியோ பதின்மூன்று. அங்கே நின்றே அடிக்கலாம்.

மூன்றாவது லெவலில் இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, பறந்து வரும் அம்பைத் தட்டுவது. டி10, அதோடு டெக்ஸ்டெரிட்டிக்கு மூன்று, லெவலுக்கு மூன்று, ஆக அடியில் குறைந்தது ஏழு கழிந்துவிடும். வழிப்பறிக்காரனின் குறுக்குவில் டி8 கூட்டல் ஒன்று, அதிகபட்சம் ஒன்பது. பெரும்பாலும் ஒன்றுமே படாது, ஒரு கை காலியாக இருந்தால் அம்பைப் பிடித்தே விடலாம், ஒரு கீ செலவழித்தால் திருப்பி எறியலாம். நான் எறிவது அபூர்வம், அந்தச் சோழிக்கு வேறு வேலை இருக்கிறது. ஆனால் பிடித்த அம்பை ஒவ்வொரு முறையும் எய்தவனிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார் சாத்தையா, உன் பொருள் உன்னிடமே இருக்கட்டும் என்று. இது விதியில் இல்லை, பெட்டியடிப் பையன் பிறத்தியார் பொருளை வைத்துக்கொள்ள மாட்டான், அவ்வளவுதான். ஒரு கொள்ளைக்காரன் இதற்காகவே சண்டையை நிறுத்திப் பேச ஆரம்பித்தான்.

இன்னொன்று ஓப்பன் ஹேண்ட் வித்தை. ஒரு கீ கொடுத்து ஃப்ளரி போட்டால் போனஸ் ஆக்‌ஷனில் ஒரு வெறுங்கை அடிக்குப் பதில் இரண்டு. அந்த அடி ஒவ்வொன்றும் பட்டால் எதிரியைக் கீழே தள்ளலாம், அல்லது பதினைந்தடி தூரம் தள்ளிவிடலாம், அல்லது அவனுடைய பதில் செயலான ரியாக்‌ஷனைப் பறிக்கலாம். கீழே விழாமல் தப்ப டெக்ஸ்டெரிட்டி சேவ் (தப்பிக்கிற உருட்டல்), தூரம் போகாமல் தப்ப ஸ்ட்ரெங்த் சேவ். ஓகர் மாதிரி பெருத்த உருவத்தைத் தூரத் தள்ளப் பார்ப்பது வீண், அதன் பலம் 19. ஆனால் அதன் டெக்ஸ்டெரிட்டி 8. ஐந்தாவது லெவலில் என் டிசி (சேவில் எதிரி எட்ட வேண்டிய எண்) 14, டெக்ஸ்டெரிட்டி 8க்கு ஒன்று கழிவதால் ஓகர் 15ஆவது உருட்டினால்தான் நிற்கும், நூற்றில் எழுபது தடவை விழும். தள்ளுவதாக இருந்தால் அது நாற்பத்தைந்துதான். மெலிந்த மந்திரவாதிகளைத் தள்ளுங்கள், தடித்தவர்களைக் காலை வாரிவிடுங்கள். விழுந்து கிடப்பவனைப் பக்கத்தில் நின்று அடிப்பவருக்கு அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுப்பது), தூரத்திலிருந்து அம்பு விடுகிறவருக்கு டிஸ்அட்வான்டேஜ் (சின்னதை எடுப்பது), அதனால் நான் யாரையாவது சாய்க்கும் முன் ரோக் (பதுங்கித் தாக்குகிற பாத்திரம்) ஆடுகிற எங்கள் தம்பியின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

நாலாவதில் டெக்ஸ்டெரிட்டியை 18 ஆக்கினேன். ஏசி 17. உயரத்திலிருந்து விழுந்தால் லெவலைப் போல ஐந்து மடங்கு காயம் குறையும் என்பதும் அப்போதே வருகிறது. ஐந்தாவது லெவலில் அது இருபத்தைந்து. விழும் காயம் பத்தடிக்கு ஒரு டி6, நாற்பதடி விழுந்தாலும் அதிகபட்சம் 24. ஆக ரியாக்‌ஷன் கையில் இருந்தால் நாற்பதடி உயரம் சாத்தையாவுக்கு ஒரு படிக்கட்டு. இதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். ஆனால் கீழே போக வழி எப்போதும் இருக்கிறது என்றால், மேலே போகத் தயங்க வேண்டியதில்லை.

ஐந்தாவது லெவல்தான் மங்க் முழுசாகிற இடம். ஒரு திருப்பத்தில் இரண்டு கம்படி, ஃப்ளரி போட்டால் மேலும் இரண்டு கையடி, கைப்பகடை டி6. கூடவே ஸ்டன். அடி பட்டதும் ஒரு கீ கொடுக்கலாம், எதிரி கான்ஸ்டிடியூஷன் சேவில் தோற்றால் என் அடுத்த திருப்பம் முடிகிறவரை செயலற்று நிற்பான். இந்த வித்தைக்கு மயங்கி எல்லாக் கீயையும் பெரிய அரக்கன்மேல் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓகருக்குச் சேவில் கூட்டல் மூன்று, பாதிக்குப் பாதி. கான்ஸ்டிடியூஷன் 11 உள்ள மந்திரவாதிக்கு ஒன்றுமே கூடாது, அவன் தோற்க நூற்றுக்கு அறுபத்தைந்து.

இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்த சண்டை ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாவது துறைமுகம், பாழடைந்த சுங்கச்சாவடி. கட்டளைப் பணத்தை வழியிலேயே மடக்கிக்கொண்டிருந்த மந்திரவாதி மாடி விளிம்பில் நிற்கிறான், இருபதடி உயரம். கீழே ஓகர். எங்கள் ஃபைட்டர்மேல் சஜெஷன் மந்திரம் போட்டு ஆயுதத்தை வைத்துவிட்டு மூலையில் உட்காரச் சொல்லிவிட்டான், அவரும் சேவ் தோற்று உட்கார்ந்திருக்கிறார். ஓகர் எங்கள் கிளெரிக்கை (பூசாரி) நோக்கி வருகிறது. ஐந்து சோழியில் ஒன்று ஏற்கெனவே கவிழ்ந்தாகிவிட்டது.

எல்லோரும் சாத்தையா ஓகரைத்தான் தடுப்பார் என்று இருந்தார்கள். நான் கல் எண்ணிப் பார்த்தேன். படிக்கட்டுக்கு நாலு, ஏற நாலு, மாடியில் ஒன்று. ஒன்பது கல். மந்திரவாதியின் பக்கத்தில் போய் நிற்கலாம், ஒரு கல் மிச்சம். முதல் கம்படி 18, அவன் ஏசி 15, ஆனால் ஷீல்டு மந்திரத்தை ரியாக்‌ஷனாகப் போட்டு அதை 20 ஆக்கினான். தவறியது. இரண்டாவது 22. பட்டது. சோழியைக் கவிழ்த்தேன். அக்கா தாம்பாளத்தில் உருட்டியதில் 9. ஸ்டன்.

ஸ்டன் ஆனவனால் மந்திரத்தைப் பிடித்துவைக்க முடியாது, சஜெஷன் அந்த நொடியே கலைந்து ஃபைட்டர் எழுந்துவிட்டார். இதற்கு மேல் இன்னொன்று, ஸ்டன் ஆனவன் ஸ்ட்ரெங்த் சேவிலும் டெக்ஸ்டெரிட்டி சேவிலும் தானாகவே தோற்பான். இன்னொரு சோழி, ஃப்ளரி. அட்வான்டேஜோடு இரண்டு அடி, ஷீல்டு இன்னும் இருக்கிறது, 20 வேண்டும். முதலாவது பட்டது. பதினைந்தடி தள்ளு, சேவே கிடையாது, மாடி விளிம்பைத் தாண்டிக் கீழே போனான். இரண்டு டி6 காயம், குப்புறக் கிடக்கிறான். மிச்சமிருந்த ஒரு கல்லில் சாத்தையாவும் விளிம்பிலிருந்து குதித்தார், காயமில்லை, மந்திரவாதியின் பக்கத்துக் கட்டத்தில் இறங்கினார்.

குதித்தது வீரத்துக்காக அல்ல. ரோக் தம்பி தூரத்தில் வில்லோடு நிற்கிறான். கிடப்பவன்மேல் அம்பு விட்டால் டிஸ்அட்வான்டேஜ், ஸ்டன் ஆனவன் என்பதால் அட்வான்டேஜ், இரண்டும் கழிந்து நேர் உருட்டல். அப்படி நேர் உருட்டலாக இருக்கும்போது ரோக்கின் கூடுதல் காயமான ஸ்நீக் அட்டாக் கிடைக்க எதிரியின் பக்கத்தில் நம் ஆள் ஒருவர் நிற்க வேண்டும். சாத்தையா நின்றார். தம்பிக்கு மூன்று டி6 கூடுதலாகக் கிடைத்தது. ஃபைட்டர் ஆயுதத்தைத் தேடி எடுத்து ஓகருக்கும் கிளெரிக்குக்கும் நடுவில் போய் நின்றார். அந்தத் திருப்பத்தில் சாத்தையா உண்டாக்கிய மொத்தக் காயம் இருபதுகூட வராது. வளவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, "அந்தச் சாமியாரு இல்லேன்னா இவுக கதை முடிஞ்சிருக்கும்" என்றார், விதி ஒன்றும் தெரியாமலே.

இதை எல்லாம் செய்ய முடிவது ஷார்ட் ரெஸ்ட் கிடைக்கிறதைப் பொறுத்துத்தான். ஒரு மணி நேரம் இளைப்பாறி, அதில் அரை மணி தியானம் செய்தால் கவிழ்ந்த சோழி எல்லாம் நிமிரும். மாஸ்டருக்கான புத்தகமே ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டுச் சண்டை, நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்ற கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பல குழுக்களில் நாளைக்கு ஒரே ஒரு பெரிய சண்டை, பிறகு தூக்கம். அப்படிப்பட்ட குழுவில் மங்க் எடுத்தால் வாடிப்போவார். ஆட்டம் தொடங்கும் முன்பே அக்காவிடம் இதைப் பேசி வைத்தேன். குழுவிலும் ஆள் சேர்த்தேன், மந்திரம் போடும் வார்லாக்குக்குச் செலவான மந்திர வாய்ப்பு திரும்புவது ஷார்ட் ரெஸ்ட்டில்தான், ஃபைட்டருக்கு ஆக்‌ஷன் சர்ஜும் அப்படியே, கிளெரிக்கின் சேனல் டிவினிட்டியும் அப்படியே. நாலு பேர் சேர்ந்து கேட்டால் மாஸ்டர் கதையில் அதற்கு இடம் வைப்பார். அக்கா வைத்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: சாத்தையா தியானத்தில் உட்காரும்போது ஆட்டத்திலும் இடைவேளை. ஆச்சி கொண்டுவரும் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் அந்த நேரத்துக்குத்தான், கூடவே அடுத்து எந்தக் கதவு என்ற பேச்சும் நடக்கும்.

புதையல் பங்கு வரும்போது துறவி என்ன செய்வார் என்பதும் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய விஷயம். வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டால் ஆட்டத்தில் பாதிப் பேச்சு நம்மைத் தாண்டிப் போய்விடும். சாத்தையா தன் பங்கைச் சரியாக எண்ணி வாங்குவார், தனக்கென்று ஒரு காசு எடுக்காமல் அந்த ஊர்க் கட்டளையில் வரவு வைப்பார். இதற்கு நிஜமாகவே ஒரு நீள நோட்டு வைத்து ஐந்தொகை எழுதுகிறேன், இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, எந்தத் துறைமுகத்தில் எத்தனை நாள் விளக்கெரியப் பணம் சேர்ந்தது என்று கடைசி வரி. குழுவில் யாருக்காவது கைமாற்று வேண்டுமென்றால் கட்டளையிலிருந்து தர மாட்டார், ஆனால் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று சொல்வார், விலை பேசக் கூடப் போவார். பேச்சுத்திறன் 8 என்பதால் இனிக்க இனிக்கப் பேசும் வேலை அவருடையதல்ல. இன்சைட்தான் கை கொடுக்கும், எதிரே இருப்பவன் பொய் சொல்கிறானா என்று பார்ப்பதற்கு. பெட்டியடியில் வேறென்ன கற்றுக்கொண்டிருக்கப் போகிறார்.

அடுத்தது ஆறாவது லெவல். கைகால் அடி மந்திர ஆயுதத்துக்குச் சமம் ஆகும், ஓப்பன் ஹேண்ட் கிளைக்குத் தன்னைத்தானே பதினெட்டு ஹெச்பி ஆற்றிக்கொள்ளும் வித்தை வரும், ஒரு முழுத் தூக்கத்துக்கு ஒரு தடவை. நடை ஐம்பத்தைந்தடி, பதினொரு கல். நாலாவது துறைமுகத்தை இரண்டாங்கட்டில் போடலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார், அங்கே கல் வேறு பூவேலை, சதுரம் அதே அளவுதான். ஆறாவது சோழி வாங்கியாயிற்று, மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரியது. ஏப்ரல் விடுமுறையில் வெளியூரிலிருந்து வருகிற இரண்டு தம்பிகளும் சேர்கிறார்கள், அவர்களில் ஒருவன் மங்க்தான் வேண்டும் என்கிறான், அவனுக்கு ஷேடோ கிளையை எடுத்துக்கொடுத்து, அதே மடத்தில் கட்டளைக்குப் போன முதல் தம்பிரான் ஏன் திரும்பவில்லை என்ற கேள்வியை அவன் தலையில் கட்டிவிடலாம் என்று அக்காவும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம்.